சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சாட்சி

போன மாதம் இரண்டு பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் சபையில் புதிதாக ஊழியத்துக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும். பொகவந்தலாவை பஸ்ஸில் வளைவு வளைவாகக் குலுங்கி வந்ததில் இருவருக்கும் முகம் வெளுத்துப் போயிருந்தது. தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். இனிமேல் ஞானஸ்நானம் எடுப்பவர்களின் சாட்சியைப் போனில் படம் பிடித்து, பின்னணியில் இசை சேர்த்து, எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடப் போகிறார்களாம்.

“நீங்க எத்தனையோ பேரைத் தயார்பண்ணி விட்டிருக்கீங்க ஐயா. நல்ல சாட்சின்னா எப்படி இருக்கணும்னு சொல்லித் தாங்களேன். அழுது சொன்னா நெறைய பேர் பாக்குறாங்க” என்றாள் அந்தத் தங்கச்சி.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிள்ளை வெள்ளை மனதோடு கேட்கிறாள் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன். சாட்சி என்றால் வேறொன்றுமில்லை. நான் முன்னே இப்படி இருந்தேன், இயேசு என்னை இப்படி மாற்றினார் என்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று ஒரு மனிதர் சொல்வது. எங்கள் சபையில் பெரியவர்கள் ஞானஸ்நானம் எடுக்கும்போது இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது பழைய வழக்கம். நான் உபதேசியாராக இருந்த காலம் முழுக்க அந்தச் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டே என் காது புளித்துவிட்டது. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைத்தான், அந்தக் கதைக்கு உரியவர்களைக் கேட்டுக்கொண்டு, இங்கே எழுதுகிறேன்.

உபதேசியார் வேலை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். போதகர் ஒருவர், தேயிலைத் தோட்டங்களோ மலை மலையாகக் கிடக்கின்றன. அவர் போக முடியாத டிவிஷனுக்கெல்லாம் நடந்து போய், ஜெபம் நடத்தி, நோயாளியைப் பார்த்து, செத்தவரைப் புதைக்கும்போது கூடவே நின்று, ஞானஸ்நானம் கேட்கிறவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன்தான் உபதேசியார். படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கண்டியில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே இரட்சிப்பு, கிருபை, மனந்திரும்புதல், மறுபிறப்பு, பரிசுத்தமாகுதல் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் ஒன்று விடாமல் மனப்பாடம் பண்ணிக்கொண்டு, பெரிய ஆள் போல மலையேறி வந்தேன்.

அப்போது எங்களுக்குப் போதகராக இருந்தவர் நேசராசா ஐயர். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் குடை. ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டார் என்று எதிரில் இருப்பவர் நினைக்கும் அளவுக்கு மூடிக்கொள்வார். பதில் வரும்வரை திறக்க மாட்டார். அந்த மௌனத்தில் எத்தனையோ பேர் தாங்களாகவே உண்மையைக் கக்கியிருக்கிறார்கள். நானும் சில தடவை கக்கியிருக்கிறேன்.

நான் முதன்முதலாகத் தயார்பண்ணியவன் ஒரு வாலிபன். எங்கள் சபைப் பெண் ஒருத்தியைக் கட்ட வேண்டும் என்பதற்காக வந்தான். கெட்டிக்காரன். கிருபை என்றால் என்ன என்று கேட்டால் எனக்கே சொல்லித் தருவான். ஐயரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். ஐயர் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

“உபதேசியார், லயத்தில இவருக்குப் பக்கத்துக் காம்பராவில ஆர் இருக்கினம்?”

“தெரியாதுங்க ஐயா.”

“அப்ப போய்த் தெரிஞ்சுகொண்டு வாங்கோ. ரெண்டு பக்கமும் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.”

லயத்தைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே கூரையின் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. இடையில் ஒரு சுவர்தான். பல லயங்களில் அந்தச் சுவர் கூரைவரை எட்டுவதும் இல்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்தில் சுகமா என்று கேட்பார்கள். அங்கே யாருக்கும் இரண்டு முகம் வைத்துக்கொள்ள வசதி கிடையாது. ஞானஸ்நானம் கேட்கிறவர் மாறியிருக்கிறாரா என்று அவரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பது தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டால் வேறு தெரியும்.

அந்த வாலிபனுக்கு இந்தப் பக்கத்துக் காம்பராவிலும் அந்தப் பக்கத்துக் காம்பராவிலும் ஒரே பதில்தான் வந்தது. அவன் அம்மாவைத் திட்டுகிற திட்டைக் கேட்டால் காது கூசும் என்றார்கள். ஐயர் அவனைத் திருப்பி அனுப்பவில்லை, இன்னும் கொஞ்ச நாள் வரட்டும் என்றார். பிறகு ஒரு முறை வயதான ஒரு தொழிலாளி வந்தார். என் பாடம் ஒன்றும் அவர் மண்டையில் ஏறவில்லை. மீட்பு என்றால் என்னங்க என்று கேட்டால் தலையைச் சொறிவார். பக்கத்துக் காம்பராவில் விசாரித்தேன். “முன்னெல்லாம் விடிஞ்சதும் ரேடியோவ அலற விடுவாருங்க. இப்ப எங்க புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல சோதனை, படிக்கணும்னு தெரிஞ்சு மெதுவா வைக்கிறாரு” என்றாள் ஒரு தாய். அதை ஐயரிடம் சொன்னேன். கண்ணைத் திறந்து, “அது காணும், போதும்” என்றார். அந்த ஞாயிறே ஞானஸ்நானம் கொடுத்தார்.

இதைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். இரட்சிப்பு நம் நற்செயலால் வருவதில்லை, விசுவாசத்தால் இலவசமாகக் கிடைப்பது, பிறகு எதற்கு அக்கம்பக்கத்தில் விசாரணை என்பார்கள். இலவசம்தான். நானும் அப்படித்தான் போதித்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். இரட்சிப்பு ஒரு நொடியில் வரலாம். மனுசனுடைய குணம் மட்டும் ஒவ்வொரு நாளும் தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற மாதிரி காலையில் எழுந்து மறுபடி மறுபடி போய் நிற்க வேண்டிய வேலை. முதலாவதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். இரண்டாவதைப் பக்கத்துக் காம்பராக்காரர் பார்ப்பார்.

இனி மாரிமுத்துவின் கதைக்கு வருகிறேன்.

மாரிமுத்து எங்கள் தோட்டத்தில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சி விற்றவர். அவருடைய மனைவி எங்கள் சபைக்காரி, அவர் மட்டும் வாசல்படி மிதித்ததில்லை. பக்கத்துக் காம்பராவில் ராஜமணி என்று ஒருவர் இருந்தார். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற ஆள். மாரிமுத்து விற்ற சரக்கில் ஒரு முறை ஏதோ கலப்படம். அதைக் குடித்த ராஜமணிக்கு முதலில் கண் போனது, பிறகு உயிர் போனது. அவரைப் புதைக்கும்போது நான்தான் ஜெபம் பண்ணினேன். அவர் மனைவி புஷ்பம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

மாரிமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்டனை முடிந்து திரும்பி வந்தவர் அதே காம்பராவுக்குத்தான் வந்தார். வேறு எங்கே போவார்? லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், பிடிக்கவில்லை என்று மாற முடியாது. புஷ்பத்தாலும் மாற முடியவில்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்.

ஆனால் மாரிமுத்து திருந்தித்தான் வந்தார். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. சிறையில் யாரோ ஜெபம் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். குடியை விட்டார், விற்பதையும் விட்டார், பழைய கூட்டாளிகளை அண்ட விடவில்லை. பாடத்துக்கு ஒரு நாளும் தவறாமல் வந்தார். “என்னை மாதிரி ஆளையும் அவரு ஏத்துக்குவாருங்களா?” என்று கேட்பார். ஏற்றுக்கொள்வார் என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகம் கழுவி விட்ட மாதிரித் தெளியும். எங்கள் சபை வாலிபர்கள் அவர் காம்பராவிலேயே வாரா வாரம் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். அதில் அவருடைய சாட்சி பெரிய பெயர் எடுத்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் கேட்க ஆள் வந்தது.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கும் முன் வழக்கம் போல விசாரிக்கப் போனேன். வலது பக்கத்துக் காம்பராவில் ஒரே புகழ்ச்சி. “தங்கமான மனுசனாயிட்டாருங்க” என்றார்கள். இடது பக்கம் புஷ்பம்.

மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் பாயைப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினாள். அப்பமும் ரசமும் பங்கிடுகிற திருவிருந்து ஞாயிறுகளில் அவள் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவதை நான் கவனித்திருந்தேன். கேட்டபோதெல்லாம் முழங்கால் வலி, மண்டியிட முடியாது என்பாள். அன்றைக்குத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

“மாரிமுத்தண்ணனப் பத்தித்தானே கேக்க வந்தீங்க?”

“ஆமாம்மா.”

“மாறிட்டாரு. பொய் சொல்லக்கூடாது. மாறித்தான் இருக்காரு.” அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள். “உபதேசியாரே, வாரா வாரம் அந்தப் பக்கம் ஜெபம் நடக்குது. வாரா வாரம் அவரு எந்திரிச்சு சாட்சி சொல்றாரு. நான் காச்சினதக் குடிச்சு ஒரு ஆளே செத்துப் போனான், அப்பேர்ப்பட்ட பாவி நான்னு சொல்றாரு. ஒடனே எல்லாரும் ஸ்தோத்திரம், அல்லேலூயான்னு கை தட்டுறாங்க. நான் இங்கன உக்காந்து ரொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். என் மக பாடம் படிச்சுக்கிட்டு இருக்கா. எங்க வீட்டு மனுசன் செத்ததுக்கு அங்கிட்டு கை தட்டுறாங்க.”

கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

“மனசுல கசப்ப வச்சுக்கிட்டு திருவிருந்துக்கு வரக்கூடாதுன்னு நீங்கதான் ஒவ்வொரு தரமும் கோயில்ல சொல்றீங்க. எனக்குக் கசப்பு இருக்கு. அதனாலதான் வர்றதில்ல. முழங்கால் நல்லாத்தான் இருக்கு.” குரல் உயரவே இல்லை. “இப்ப அவரு ஞானஸ்நானம் எடுத்து உள்ள வரப்போறாரு. நான் பொறந்ததுல இருந்து உள்ள இருந்தவ, வெளிய நிக்கிறேன். இது என்னங்க ஞாயம்?”

மலை இறங்கி ஐயரிடம் வந்து சேர்ந்தபோது எனக்கு ஆத்திரம்தான் முன்னுக்கு நின்றது. இந்த ஆளுக்கு ஞானஸ்நானமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் ஐயா என்றேன். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும், “அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார்.

மாரிமுத்து சலவைச் சட்டையோடு வந்தார். ஐயர் அவரைச் சாட்சி சொல்லச் சொன்னார். அவரும் எழுந்து நின்று சொன்னார். நானும் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். பல தடவை சொல்லிச் சொல்லி மெருகேறியிருந்தது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் நடிக்கவில்லை. கண்ணீர் நிஜமான கண்ணீர்தான். ஆனால் ஒரு ஆளே செத்துப் போனான் என்ற இடத்தில் குரல் சற்று ஓங்கிற்று. கைதட்டல் விழுகிற இடம் அது.

ஐயர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். “அந்த ஒரு ஆள் ஆர்?”

மாரிமுத்து திகைத்துவிட்டார். “தெரியாதுங்களா ஐயா? பக்கத்துக் காம்பரா ராஜமணிதான்.”

“அப்ப ஏன் ஒரு ஆள் எண்டு சொல்லுறீர்?”

ஐயர் கண்ணைத் திறக்கவில்லை. மாரிமுத்து சட்டை நுனியைத் திருகிக்கொண்டே மெல்லச் சொன்னார். “அதெல்லாம் கழுவியாச்சு, கடவுள் அத நெனைக்கவே மாட்டாருன்னு பாடத்துல சொன்னாங்களே ஐயா.”

“ஓம். அவர் நினைக்க மாட்டார். அது அவருடைய இரக்கம். புஷ்பம் நினைக்கத்தானே வேணும்? அவவுக்கு அது புருசன்.” ஐயர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “நீர் மன்னிப்பைச் சும்மா வாங்கினீர், அதில பிழையில்லை. எல்லாரும் சும்மாதான் வாங்குகிறோம். ஆனால் அந்தக் கதையைப் புஷ்பத்தின்ட வீட்டில இருந்து கேளாமல் எடுத்துப்போட்டீர். அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடும்.”

மாரிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பது லயத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் கடவுளைப் பற்றிப் பேசுவதை யார் கேட்டால் என்ன, எல்லோரும் கேட்கட்டுமே என்றுதான் நினைத்திருக்கிறார். இன்னும் சத்தமாகவே சொல்லியிருக்கிறார். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் புஷ்பத்தின் வாசலுக்குப் போனார். நான் முற்றத்தில் தள்ளி நின்றேன்.

“தங்கச்சி, ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாரு…” என்று ஆரம்பித்தார். புஷ்பம் கதவைச் சாத்திவிட்டாள்.

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தால் சாட்சியாகவே வருகிறது மனுசனுக்கு. “அண்ணே, அங்க போய்ப் பிரசங்கம் பண்ணாதீங்க. நடந்ததச் சொல்லுங்க” என்றேன். மாரிமுத்து தன் காம்பராவில் நடந்த ஜெபக்கூட்டத்தை அந்த வாரமே நிறுத்தச் சொன்னார். வாலிபர்களுக்கு முகம் வாடிப்போயிற்று. அடுத்த வாரம் மறுபடி அவள் வாசலுக்குப் போனார். இந்த முறை கைகூப்பவும் இல்லை, அழவும் இல்லை.

“ராஜமணிக்கு நான்தான் கொடுத்தேன். அதுல கலப்படம் இருக்கும்னு எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. இருந்தும் கொடுத்தேன்” என்றார்.

சந்தேகம் இருந்தது என்பது அவர் சாட்சியில் ஒரு நாளும் வராத விஷயம். நான் கேட்டதும் அன்றைக்குத்தான்.

புஷ்பம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். “காலையில மக பள்ளிக்கூடம் போட்டுப் போற சப்பாத்துக்கு அவருதான் நூல் கட்டி விடுவாரு. கண்ணு போன அன்னைக்கும் தடவித் தடவிக் கட்டி விட்டாரு. அதையெல்லாம் நீங்க சொன்னீங்களா? குடிச்சுச் செத்த ஒரு ஆளுன்னுதானே சொன்னீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “மன்னிச்சேன்னு சொல்லச் சொல்லி என்கிட்டக் கேக்காதீங்க. எனக்குத் தெரியல. அந்தக் கதைய மட்டும் இனிமே எங்கேயும் சொல்லாதீங்க. அது எங்க வீட்டுக் கதை.”

“சொல்ல மாட்டேன் தங்கச்சி.”

பிரச்சினை அங்கேதான் முளைத்தது. ஞானஸ்நானம் எடுக்கிறவர் சாட்சி சொல்லியே ஆக வேண்டும். மாரிமுத்துவின் சாட்சியோ ஊரறிந்த சாட்சி. அதைக் கேட்பதற்கென்றே ஹட்டனிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வருவதாகச் செய்தி வந்தது. சபைப் பெரியவர்கள் ஐயரிடம் வந்து, அந்த ஒரு பகுதியாவது இல்லாமல் சாட்சி எப்படி எடுபடும் என்று கேட்டார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

அந்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. புஷ்பம் மகளோடு கடைசி பெஞ்சில் இருந்தாள். ஐயர் மாரிமுத்துவை முன்னால் அழைத்தார். அவர் சபையைப் பார்த்து நின்றார். வழக்கமாகச் சாட்சி சொல்லும்போது நிமிர்ந்து நிற்கிற மனுசர், அன்றைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“நான் வழக்கமாச் சொல்ற சாட்சி ஒன்னு இருக்கு. அது என்னோடது இல்லைங்க. கேக்காம எடுத்துட்டேன். ஒடையவங்ககிட்டக் கொடுத்துட்டேன். நான் பாவி. இயேசுவ நம்புறேன். அவ்வளவுதாங்க.”

வேனில் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் பழக்கத்தில் அல்லேலூயா என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிவிட்டார். ஐயர் தண்ணீரை அள்ளி மாரிமுத்துவின் தலையில் ஊற்றினார். அவர் இவ்வளவு அவசரமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

எங்கள் சபையில் பெரியவர்கள் ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே திருவிருந்திலும் சேர்ந்துகொள்வார்கள். பீடத்துக்கு முன்னால் வரிசையாக மண்டியிடுவார்கள். ஐயர் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டு போவார். பின்னால் நான் கிண்ணத்தைக் கொண்டுபோவேன். எல்லோருக்கும் ஒரே கிண்ணம்தான். ஒருவர் குடித்ததும் அதன் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டுவது என் வேலை.

மாரிமுத்து போய் மண்டியிட்டார். அவருக்கு இந்தப் பக்கம் இடம் காலியாக இருந்தது. ஏனோ யாரும் அங்கே வரத் தயங்கினார்கள். அப்போது பின்னாலிருந்து பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் துணிவில்லை. செருப்பில்லாத காலடி நடுவழியில் மெதுவாக வந்தது. நீலச் சேலை ஒன்று மாரிமுத்துவின் பக்கத்தில் மண்டியிட்டது.

மாரிமுத்து தலையைத் தூக்கவில்லை. அவருக்கு யார் என்று தெரிந்திருக்க வேண்டும், தோள் குலுங்கியது. கிண்ணத்தை அவர் உதட்டில் வைத்தேன். குடித்தார். அதை எடுத்துத் துடைப்பதற்காகத் துணியை விரித்தேன். அதற்குள் புஷ்பம் கையை நீட்டிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டுங்க” என்றாள். அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தாள்.